டயருக்குத் தண்ணி காட்டினேன்

இந்த வீட்டில் ஒரே ஒரு இடத்திலாவது நான் வைத்ததுதான் சட்டமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாள் காலையில் முடிவெடுத்தேன். எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சமையலறை வாய்ப்பே இல்லை. கூடமும் கிடையாது. படுக்கையறையில் கட்டிலின் சுவரோரப் பாதி என்னுடையது என்று ஒரு வதந்தி உண்டு. ஆனால் தைக்க வந்த துணிகள் எனக்கு முன்பே அங்கே போய்ப் படுத்துவிடும். கடைசியில் மிஞ்சியது டிராக்டர் சீட்.

டிராக்டர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். சின்ன டிராக்டர். செகண்ட் ஹேண்ட். நான் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஆனால் வலது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். "ஏன் வலது பக்கம்? இடது பக்கம் போனா என்ன?" என்று கேட்காது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஒரு ஜீவன் அதற்கு முன் இருந்ததில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். எஞ்சினைக்கூடப் போடமாட்டேன். சும்மா உட்காருவேன். அது ஒரு சுகம்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். எடைமேடை. லாரி மேடையில் ஏறி நிற்கும். நான் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து எண்ணைப் பார்த்துச் சொல்வேன். காலி வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு. நான் சொன்னதுதான் எடை. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்லிவிடுவேன். மனிதர்களையும் சொல்வேன். கல்யாணம் ஆன புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதோடு விட்டுவிட்டேன்.

என் மனைவி தையல்காரி. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அது இல்லாமல் அவளை நான் பார்த்தது கல்யாண போட்டோவில் மட்டும்தான். மெஷின் எங்கள் படுக்கையறையில் இருந்தது. நான் புரண்டு படுத்தால் குண்டூசி குத்தும். வேலைக்குக் கிளம்பும்போது முதுகில் நூல் ஒட்டிக்கொண்டு வரும். லாரி டிரைவர்கள் என்னைத் திருப்பி நிறுத்தி எடுத்துவிடுவார்கள்.

அவளுக்கு ஷெட்டின் மேல் கண். அது நல்ல ஷெட் என்பதை நான் மறுக்கவில்லை. நிலம் சரிவு என்பதால் கட்டைக்கால் ஊன்றி, மேலே மரப்பலகை பரப்பி, வண்டி ஏற முன்னால் ஒரு சாய்தளம் வைத்துக் கட்டியது. போன மாதம் தச்சர் வந்து கதவுக்குப் புதுக் கீல் போட்டுவிட்டுப் போனார். போகும்போது பலகையை ஒரு மிதி மிதித்துப் பார்த்து ஏதோ சொன்னார். நான் டிராக்டருக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

இப்படி ஆரம்பித்தால் அவள் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"கேளு."

"ஷெட்டுல ரெண்டு ஜன்னல் இருக்கே. டிராக்டருக்கு எதுக்கு ஜன்னல்?"

"அதுக்கும் காத்து வேண்டாமா?"

"டயர்ல இருக்கற காத்து பத்தாதா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததை எடுத்துவிட்டாள்.

"வெளிச்சம் இல்லாத மூலையில உக்காந்து ஊசியில நூல் கோக்கறேன். வர்றவங்களுக்குப் போட்டுப் பாக்க ஒரு மறைப்பு இல்ல. உங்க வண்டி ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாக்குது. அது என்ன வேலை செய்யுது, சொல்லுங்க?"

"தோட்ட வேலை செய்யுது."

"கேட் பக்கத்துல கொட்டிக் கிடக்கற கல்லை மேட்டுக்குக் கொண்டு போகச் சொன்னேன். மேல மண்ணு சரியாம ஒரு வரிசை கட்டணும்னு. செஞ்சுதா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் இருமினேன். வீட்டின் பின்னால் ஒரு மேடு. புல் மண்டிய மேடு. வண்டி வெறுமனே ஏறும். பின்னால் டிரெய்லரை மாட்டி நாலு கல்லைப் போட்டால் பாதி வழியில் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சர்ரென்று சுற்றும். புல் பறக்கும். வண்டி போகாது. நான் மட்டும் முன்னால் சாய்ந்து உந்திக்கொண்டிருப்பேன்.

"அதுக்குக் காரணம் இருக்கு. பின்பக்கம் எடை பத்தல," என்றேன்.

"எடைக்காரர் வண்டிக்கே எடை பத்தலையா?" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் குத்தியது.

அன்றே பந்தயம் கட்டியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, டிரெய்லர் நிறையக் கல்லோடு மேட்டு உச்சி வரை ஏறிக் காட்ட வேண்டும்.

"சரியாக் கேட்டுக்கோங்க. மேட்டுல ஏறற வண்டின்னா ஷெட் அதுக்கு. ஏறாத வண்டின்னா ஷெட் எனக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நீ மாறாம இருந்தா சரி."

"நான் வாயே தொறக்க மாட்டேன்," என்றாள். அந்த ஒரு வாக்குக்காகவே ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

ஆனால் எடைக்கு எங்கே போவது? பின்னால் மணல் மூட்டை கட்டினேன். பாதி மேட்டில் அவிழ்ந்து, நான் ஏறிய வழியிலேயே அது இறங்கிவிட்டது. நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மதில் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு அண்ணன். கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அதற்கொரு வீடியோ பார்த்திருப்பார். ஒரே குறை, எதையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. நடுவில் தூங்கிவிடுவார். அதனால் அவருக்கு எல்லாக் கலையிலும் முதல் பாதி அத்துப்படி. தேனீக் கூட்டுக்குள் கையை விடுவது வரைக்கும் தெரியும். வெளியே எடுப்பது தெரியாது. என் மனைவி அவருக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

"தம்பி, டயர்ல தண்ணி ஊத்துங்க," என்றார்.

"கழுவிட்டுத்தான் இருக்கேன் அண்ணே."

"வெளிய இல்லப்பா. உள்ள. டயருக்கு உள்ள."

"டயருக்குள்ள காத்துதானே இருக்கும்?"

"அதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். முக்கால்வாசி தண்ணி, மிச்சம் காத்து. சக்கரம் கனத்துப் போகும். கனத்தா தரையைக் கவ்வும். கவ்வினா ஏறும். வீடியோவே இருக்கு."

"முழுசாப் பாத்தீங்களா?"

"தண்ணி உள்ள போற வரைக்கும் பாத்தேன்," என்றார் அடக்கமாக.

நான் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு யோசனை ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க எடைமேடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வந்து நின்ற லாரியெல்லாம் எனக்கு டயராகத் தெரிந்தது. ஒரு டயருக்கு ஒரே ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எதிரும் புதிருமாக வந்தால் யார் யாருக்கு வழிவிடுவது? எங்கள் வீட்டு நிலைப்படியில் யார் வழிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். டயருக்குள் எப்படி? ஒரு டிரைவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சார், சாப்டீங்களா?" என்றார்.

சனிக்கிழமை காலையில் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, மதிலோரம் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் கனத்த மரக்கட்டை வைத்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பி, கையால் தள்ளினால் சுற்றியது. வால்வைக் கைக்கு எட்டுகிற மாதிரி அடியில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டேன். வால்வுக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதைத் திருகி எடுத்தால்தான் வழி திறக்கும். எடுத்தேன். புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. எந்தக் காலத்துக் காற்றோ, பழைய செருப்புக்கடை வாசனை.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயை இறக்கி, வால்வில் செருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். அண்ணன் மதிலுக்கு மேலிருந்து கையசைத்தார். குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் உள்ளே போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு பெரிய மிருகம் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகத் தண்ணீர் குடிப்பது போல இருந்தது. நான் டயரில் காதை வைத்தேன். உள்ளே மழை பெய்தது. கையால் தட்டிப் பார்த்தேன். கீழே கெட்டியாக ஒரு சத்தம், மேலே பொக்கென்று ஒரு சத்தம். இரண்டுக்கும் நடுவில் தண்ணீரின் கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினேன். எத்தனையோ டயரை எடை போட்டவன், ஒரு டயரின் உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"நெறைஞ்சுடுச்சு தம்பி. புடுங்குங்க!" என்றார் அண்ணன்.

பிடுங்கினேன். உள்ளே மாட்டிக்கொண்டு அமுங்கிக் கிடந்த காற்று, போன தண்ணீரை அப்படியே என் முகத்தில் திருப்பியடித்தது. கண், மூக்கு, சட்டைப் பை, ஒன்று பாக்கியில்லை. மிச்சம் இருந்ததை அண்ணன் கண்ணாடியில் பீய்ச்சியது.

"அண்ணே, இதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்?"

"இதுக்கு அப்புறம்தான் தம்பி, நான் தூங்கிட்டேன்."

முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே என் மனைவி. கழுத்தில் டேப்.

"என்ன பண்றீங்க?"

"டயர்ல தண்ணி ஊத்தறேன்."

"உங்க மேல இருக்கறது?"

"அது வழியில வந்தது."

அவள் குனிந்து வால்வைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பிறகு மிகவும் அப்பாவியாகக் கேட்டாள். "பாட்டில்ல தண்ணி புடிக்கறப்போ வாயைக் கீழ வச்சா புடிப்பீங்க?"

"அது பாட்டில். இது டயர். ரெண்டுக்கும் டெக்னிக் வேற," என்றேன்.

"எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்," என்றாள். கழுத்திலிருந்து டேப்பை உருவி டிராக்டரின் மூக்கில் வைத்தாள்.

"எதுக்கு அளக்கறே?"

"ஏன், எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுக்கக் கூடாதா? எப்பப் பாத்தாலும் இதுலயே கெடக்கறீங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னுதான்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து என் டிராக்டரின் மேல் அவளுக்கு ஓர் ஆர்வம்! டேப்பின் மறுமுனையை நானே பிடித்துக்கொண்டேன். நீளம், அகலம், உயரம், ஸ்டியரிங் வரைக்கும், சீட் வரைக்கும், புகைக்குழாயின் சுற்றளவு. கேட்காததையும் அளந்து கொடுத்தேன்.

"ஊத்தினா அப்புறம் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாம். எடுத்தா பழைய கதைதான். மறுபடி சறுக்கும். தண்ணி உள்ள இருக்கற வரைக்கும்தான் கெத்து."

"ஓகோ," என்றாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போனதும் எனக்கே திடீரென்று ஒரு யோசனை உதித்தது. வால்வு மேலே இருந்தால் என்ன? சக்கரத்தைச் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்தேன். மறுபடி குழாயைச் செருகினேன். கொஞ்சம் ஊற்றுவது, கழற்றுவது, காற்றை வெளியே விடுவது, மறுபடி ஊற்றுவது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் டயர் வயிறு நிறைந்தவர் மாதிரி நிதானமாக ஏப்பம் விட்டது. எடைமேடையில் என்னை வாட்டிய கேள்விக்கு அப்போது விடை கிடைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் போகவில்லை. ஒன்று நின்று வழிவிடுகிறது, அப்புறம் மற்றது போகிறது. ஒரு டயருக்கு இருக்கும் பக்குவம்!

கடைசியில் வால்வு வழியாகத் தண்ணீர் தானாகவே ததும்பி வெளியே வந்தது. அண்ணன் கத்தினார். நான் குதித்தேன். வால்வு எந்த உயரத்தில் நிற்கிறதோ, தண்ணீர் அந்த உயரத்துக்குத்தான் நிற்கும். அதற்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும். மேலே மிஞ்சுகிற இடம் காற்றுக்கு. எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்! ஊசியைத் திருகிப் பூட்டினேன். கால் பம்பால் காற்றடித்தேன். சக்கரத்தை லேசாக ஆட்டிவிட்டுக் காதை வைத்தேன். உள்ளே அலை அடித்தது. போய், மோதி, திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. எறும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சக்கரம் முடிகிற நேரத்தில் குழாய் இருமியது. தொட்டி காலி. சமையலறையில் தண்ணீர் வராத வீட்டில் ஒரு கணவன் எப்படி நடத்தப்படுவான் என்பது கணவன்மாருக்குத் தெரியும். பூனை மாதிரி உள்ளே போனேன். குடம், வாளி, அண்டா, டப்பா, எல்லாம் தளும்பத் தளும்ப வரிசையாக நின்றன.

"நீங்க தொட்டியைக் காலி பண்ணிடுவீங்கன்னு தெரியும். காலையிலயே புடிச்சு வச்சுட்டேன். வேணுங்கறத ஊத்திக்கோங்க," என்றாள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். ஏதோ கனத்த பச்சைத் துணியை மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? தோற்கப் போகிறவள், ஜெயிக்கப் போகிறவனுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். பாவம், தோற்ற பிறகு அவளை அதிகம் கிண்டல் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வண்டியை மரக்கட்டையிலிருந்து கீழே இறக்கினேன். நேராக எடைமேடைக்கு ஓட்டினேன். எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. வாங்கியபோதே காலி வண்டியை எடை போட்டு வைத்திருக்கிறேன், தொழில் புத்தி. இப்போது மறுபடி மேடையில் நிறுத்தி, கூண்டுக்குள் ஓடிப் போய் எண்ணைப் பார்த்தேன். பார்த்துவிட்டு எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலிலேயே கத்தினேன். "இருநூறு கிலோ கூடிடுச்சு!"

அவள் வெளியே வந்தாள். "நெசமாவா? நல்லாப் பாத்தீங்களா?"

"எடைமேடைக்காரன் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது?"

"இல்ல, மிஷின் தப்பாக் காட்டுமோன்னு..."

"ஒரு கிலோ பிசகாது. எங்க வேணா வந்து சொல்றேன்."

"அப்ப சரி," என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னை நினைத்துப் பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷெட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"காலையில கல் ஏத்தணுமே. இப்பவே கேட் பக்கத்துல நிறுத்தி டிரெய்லரை மாட்டிடுங்களேன்," என்றாள். எவ்வளவு அக்கறை! அப்படியே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. டிரெய்லர் நிறையக் கல். மதிலுக்கு மேல் அண்ணன் தலை. மேட்டடியில் என் மனைவி, கையைக் கட்டிக்கொண்டு. நான் சீட்டில் ஏறி அமர்ந்து, முழங்காலைச் சரிசெய்துகொண்டு, எஞ்சினைப் போட்டேன்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பின்சக்கரம் ஒரு தரம் யோசித்தது. பிறகு தரையைக் கவ்வியது. புல் பறக்கவில்லை. சர் என்று சத்தம் இல்லை. டிரெய்லர் முனக, கல் குலுங்க, டயருக்குள் தண்ணீர் தளும்ப, வண்டி மெல்ல மெல்ல, ஆனால் நிற்காமல், உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். அண்ணன் விசிலடித்தார். என் மனைவியும் கை தட்டினாள்! மனசாரத் தட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏறிடுச்சு பாத்தியா?"

"ஏறிடுச்சுங்க. நான் ஒத்துக்கறேன். ஷெட் உங்க வண்டிக்குத்தான். தாராளமா உள்ள விடுங்க."

கல்லை இறக்கி, டிரெய்லரைக் கழற்றி, வண்டியை இறக்கினேன். வெற்றி ஊர்வலம் மாதிரி ஷெட்டை நோக்கி ஓட்டினேன். முன்சக்கரம் சாய்தளத்தில் ஏறி, பலகை மேல் போனது. பின்சக்கரம் பலகை விளிம்பைத் தொட்டது.

'கிர்ர்ர்க்' என்று ஒரு சத்தம். பலகை நடுவில் வளைந்து கீழே போனது. தூணோரத்தில் ஓர் ஆணி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நான் சட்டென்று பிரேக்கை மிதித்து, மூச்சு விடாமல் பின்னால் எடுத்தேன். பலகை நிமிர்ந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"சத்தம் வருது."

"வரத்தானே செய்யும். தச்சர் அன்னைக்கே சொன்னாரே. 'இப்ப நிக்கற வண்டியையே இந்தப் பலகை பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தாங்குது. இதுக்கு மேல ஒரு பூனையைக்கூட ஏத்திடாதீங்க'ன்னு. நீங்க அப்ப தூசி தட்டிக்கிட்டு இருந்தீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பூனை ஏத்தினாச் சொல்லலாம்னு இருந்தேன். நேத்து நீங்க இருநூறு கிலோன்னு சொன்னதும் அவருக்குப் போன் போட்டேன். நெசமாவே இருநூறான்னு கேட்டார். 'எங்க வீட்டுக்காரர் சொன்னா ஒரு கிலோ பிசகாது'ன்னு சொன்னேன். 'அப்படின்னா வண்டியைத் தரைக்கு அடியிலதாம்மா தேடணும்'னு சொல்லிட்டார்."

நான் சீட்டிலிருந்து இறங்காமல் யோசித்தேன். ஒரு வழி தோன்றியது.

"தண்ணியைத் தொறந்து விட்டுடறேன். பழைய எடைக்கு வந்துடும்."

"விடுங்களேன். ஆனா அப்ப அது மேட்டுல ஏறாத வண்டி ஆயிடுமே? ஏறாத வண்டின்னா ஷெட் யாருக்கு?"

மதிலுக்கு மேலிருந்து அண்ணன், கணக்குத் தீர்க்கிற குரலில் சொன்னார். "தண்ணி இருந்தா ஷெட்டுக்குள்ள போகாது. தண்ணி இல்லேன்னா மேட்டுல ஏறாது. தங்கச்சி சொல்றது சரிதான் தம்பி."

"அண்ணே, இதெல்லாம் உங்க வீடியோவால வந்த வினை!"

"என் வீடியோவா? எனக்கு அனுப்பி வச்சதே தங்கச்சிதான்பா. 'பாதி பாத்தாப் போதும்ணே, பாத்துட்டு அவர்கிட்டச் சொல்லுங்க'ன்னுச்சு."

நான் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஷெட்டின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகையை மாத்திடலாம். கனமான பலகையா போட்டு..." என்றேன்.

"தாராளமா மாத்தலாம். ஷெட் உங்க வண்டிக்குன்னு நான் ஒத்துக்கிட்டாச்சு. மாத்தற வரைக்கும் சும்மாத்தானே கெடக்கும்? அது வரைக்கும் என் மெஷின் அங்க இருக்கட்டும்."

'அது வரைக்கும்' என்று அவள் சொன்ன எதுவும் எங்கள் வீட்டில் இதுவரை முடிந்ததில்லை. என் அம்மா வருகிற வரைக்கும் என்று கூடத்தில் போட்ட பீரோ, கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது.

சாயங்காலத்துக்குள் மெஷின் ஷெட்டுக்குப் போய்விட்டது. ஜன்னலோரம் மேசை. மூலையில் ஒரு மறைப்புத் திரை. படுக்கையறை வெறிச்சென்று இருந்தது. குண்டூசி இல்லாத கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். என்னவோ போல இருந்தது. வெளியே வந்தேன். கேட் ஓரத்தில் என் டிராக்டர் திறந்தவெளியில் நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தாங்கவில்லை. மழையில் நனைந்தால் சீட் கிழியும், எஞ்சினில் தண்ணீர் இறங்கும். டயருக்குள் அவ்வளவு தண்ணீர் ஊற்றியவன், மேலே ஒரு சொட்டு விழுமே என்று தவித்தேன்.

அவள் ஷெட்டிலிருந்து வந்தாள். கையில் ஒரு பச்சை மூட்டை. அதை உதறினாள். கனத்த தார்ப்பாய்த் துணியில் தைத்த உறை. டிராக்டருக்கு மேல் போட்டு ஓரங்களை இழுத்துவிட்டாள். மூக்கு, ஸ்டியரிங், சீட், எல்லா இடத்திலும் தோல் மாதிரிப் பொருந்தியது. புகைக்குழாய்க்குத் தனியாக ஒரு குல்லாய். ஒரு சுருக்கம் கிடையாது.

நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள். நான் முகத்தில் தண்ணீரோடு நின்றபோது.

"நீங்க ஜெயிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். இந்தத் தடவை சிரித்தாள்.

"நான் தோத்திருந்தா?"

"தோத்திருந்தா ரோஷத்துல வண்டியையே வித்திருப்பீங்க. நீங்க இது மேல உக்காராம ஒரு நாள் இருப்பீங்களா? அதான் தோக்க விடல."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொன்றை நீட்டினாள். அதே பச்சைத் துணி. மழைக்கோட்டு.

"மிச்சத் துணியில தச்சது. மழை வந்தாலும் நீங்க வந்து உக்காருவீங்க. நனையாம உக்காருங்க."

போட்டுக்கொண்டேன். தோள் சரி, கை சரி, முதுகு கச்சிதம். டிராக்டரும் நானும் ஒரே துணியில், ஒரே நிறத்தில், அண்ணன் தம்பி மாதிரி நின்றோம். முதல் தூறல் விழுந்தது. என் மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை.

கல்யாணமான புதிதில் வாங்கிய சட்டை எதுவும் இப்போது எனக்குச் சேராது. என் அளவு எனக்கே தெரியாது.

"வண்டியை அளந்தது தெரியும். என்னை எப்ப அளந்தே?"

"நேத்து. டயர்ல காதை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப."

ஆக, அது எறும்பு இல்லை.